வைசூரியையும் மணல்வாரியையும் பிரித்துக் காட்டிய மருத்துவர் ராஸீ

ராஸீ என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், தஃப்ஸீர் கபீர் என்னும் மாபெரும் விரிவுரையை எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள்தாம். மருத்துவர் ராஸீ அவரல்லர். இமாம் அவர்கள் ஹிஜ்ரி 606-ல் வஃபாத்தானார்கள். மருத்துவரோ அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்டவர். ஈரானிலுள்ள ரை என்னும் ஊரைச் சேர்ந்தவர்களை அரபியில் ராஸீ என்றழைப்பது வழக்கம். அதனால் வரலாற்றில் ராஸீகள் பலர் இருக்கிறார்கள்.

ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே ஹதீஸ் கலையில் தனித்துறை ஒன்றை நம் முன்னோர்கள் வளர்த்தார்கள். அறிவிப்பாளரின் பெயர் ஒன்றாயிருந்தாலும் ஊர், காலம், ஆசிரியர் ஆகியவற்றை ஆராய்ந்து இவர் வேறு, அவர் வேறு என்று பிரித்தார்கள். ஆளை மாற்றிவிட்டால் தீர்ப்பே மாறிவிடும் அல்லவா? மருத்துவர் ராஸீ செய்ததும் இதே வேலைதான். தோலில் ஒன்றுபோல் சிவந்து தோன்றும் இரண்டு நோய்களை அவர் பிரித்துக் காட்டினார்.

பிறப்பும் கல்வியும்

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா என்பது அவருடைய முழுப்பெயர். ஹிஜ்ரி 251 ஷஅபான் மாதத்தில், கி.பி. 865-ல், ரை நகரில் பிறந்ததாக அல்பிரூனீ குறித்திருக்கிறார். நம் இந்திய நாட்டைப் பற்றி அரிய நூல் எழுதிய அதே பிரூனீதான் ராஸீயின் நூல்களுக்கும் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் 184 நூல்களின் பெயர்கள் உள்ளன.

இளமையில் அவருடைய நாட்டம் இசையிலும் ரசவாதத்திலும் இருந்தது. மருத்துவத்தை அவர் முறையாகக் கற்கத் தொடங்கியது வயது முப்பதைத் தாண்டிய பிறகுதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆயினும் ரை நகர மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார்.

பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்க, நகரின் பல பக்கங்களிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாகக் கெட்டதோ அந்த இடத்தை அவர் சொன்னார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கதை எந்த அளுதீ மருத்துவமனையைப் பற்றிச் சொல்லப்படுகிறதோ, அது திறக்கப்பட்டது ஹிஜ்ரி 372-ல். ராஸீ மறைந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து! கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையென்று ஏற்க முடியாது.

நோயாளிகளின் நடுவே

இப்னு நதீம் தரும் செய்தி நம்பத் தக்கது. ராஸீ அமர்ந்திருப்பார். அவர் முன் மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்வார்கள். வரும் நோயாளியை முதலில் கடைசி வரிசையினர் பார்ப்பார்கள். அவர்களுக்கு விளங்காவிட்டால் அடுத்த வரிசை. அவர்களுக்கும் விளங்காவிட்டால்தான் ராஸீயிடம் வரும். ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காததோடு அவர்களுக்குச் செலவுக்கும் கொடுப்பார். சென்று பார்க்கும்போதெல்லாம் அவர் எழுதிக்கொண்டே இருப்பார்.

அவர் எதையும் சோதித்துப் பார்க்கும் இயல்புடையவர். ஸர்ஸாம் என்னும் மூளை நோயின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி வாங்கினார். மறு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காமல் விட்டுப் பார்த்தார். யூனானி மருத்துவத்தின் தலைவராக எல்லோரும் மதித்த ஜாலீனூஸ் மீதும் தம் ஐயங்களைத் தனி நூலாக எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை.

இரண்டு நோய்கள்

யானை வருடத்தில்தான் அரபு நாட்டில் ஜுதரீயும் ஹஸ்பாவும் முதன்முதலாகக் காணப்பட்டன என்று ஸீரத் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. ஜுதரீ என்பது வைசூரி, அதாவது பெரியம்மை. ஹஸ்பா என்பது மணல்வாரி, அதாவது தட்டம்மை. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கவனியுங்கள். மருத்துவர்களும் அவ்வாறே சேர்த்துப் பேசி வந்தார்கள்.

ராஸீ இவ்விரண்டுக்கும் என்றே 14 அத்தியாயங்களில் கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா என்ற நூலை எழுதினார். தோலில் எதுவும் தோன்றுமுன்பே அடையாளம் காண வழி சொன்னார். விடாத காய்ச்சல், முதுகு வலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல் ஆகியவை வைசூரிக்கு முன்னோடிகள். அதிலும் முதுகு வலி வைசூரிக்கே உரியது. மன அமைதியின்மையும் குமட்டலும் மிகுந்திருந்தால் மணல்வாரியை எதிர்பார்க்க வேண்டும். கொப்புளத்தின் நிறம், அளவு, நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டு யார் பிழைப்பார், யாருக்கு ஆபத்து என்றும் விளக்கினார். கண் பார்வை கெடாதிருக்கப் பன்னீர் விடுவதையும், தொண்டையைக் காக்க மாதுளைச் சாற்றால் கொப்பளிப்பதையும் எழுதினார்.

இந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்றது. 1848-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அவருடைய குறிப்பேடுகளோ, அவர் மறைந்த பின் அவருடைய சகோதரியிடமிருந்து வாங்கப்பட்டு, மாணவர்களால் அல்ஹாவீ என்ற பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. நம் நாட்டுச் சரகரையும் சுஸ்ருதரையும் அதில் மேற்கோள் காட்டியிருக்கிறார். அந்த நூலை 1955 முதல் 23 தொகுதிகளாக அரபியில் அச்சிட்டு உலகுக்குத் தந்தது ஹைதராபாத்திலுள்ள தாயிரத்துல் மஆரிஃப் என்பது நமக்குப் பெருமை.

கடைசிக் காலம்

முதுமையில் அவருடைய கண்பார்வை போயிற்று. சிகிச்சை செய்ய வந்தவரை, உலகத்தைப் பார்த்தது போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஹிஜ்ரி 313-ல், கி.பி. 925-ல், பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுபுவ்வத்தைப் பற்றி அவர் மார்க்கத்துக்கு முரணான கருத்துகள் கொண்டிருந்தார் என்று அவர் மீது குற்றச்சாட்டு உண்டு. அக்கருத்துகளில் பெரும்பாலானவை அவரோடு வாதிட்ட ஒருவரின் நூல் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை உலமாக்கள் மறுத்தார்கள். ஆனால் அவருடைய மருத்துவத்தை யாரும் தூக்கி எறியவில்லை. அகீதாவில் ஒரு தராசு, மருந்தில் ஒரு தராசு என்று பிரித்தறிந்து நடந்தார்கள். அவருடைய உள்ளத்தின் நிலையை அல்லாஹ் அறிவான்.

அவருக்குப் பின்

ராஸீ கண்டதெல்லாம் முடிவானதல்ல. திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்குவது போல இரத்தம் பொங்குவதால் இந்நோய்கள் வருகின்றன என்று அவர் நினைத்தார். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமிகளே காரணம் என்பது மிகவும் பிற்காலத்தில்தான் தெரிந்தது. சின்னம்மை வைசூரியிலிருந்து வேறானது என்பதை 1767-ல் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கினார். ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை தனி நோய் என்று 1881-ல் லண்டனில் கூடிய மருத்துவ மாநாடு ஒப்புக்கொண்டது. 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கிரெக், கர்ப்பிணிக்கு அந்த லேசான நோய் வந்தால் வயிற்றுக் குழந்தை கண்ணில் புரையோடு பிறப்பதைக் கண்டறிந்தார். காதும் பாதிக்கப்படுவது பின்னர் தெரிந்தது.

ராஸீ கண்ணாலும் கையாலும் செய்ததை இன்று ஆய்வகம் செய்கிறது. தடிப்பு கண்டவரிடம் சிறிது இரத்தம் எடுத்து, மணல்வாரிக் கிருமியை எதிர்த்து உடல் புதிதாக உண்டாக்கிய ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று எலிசா முறையில் பார்க்கிறார்கள். இல்லையென்றால் அதே இரத்தத்தில் ரூபெல்லாவைத் தேடுகிறார்கள். தடிப்பு தோன்றிய முதல் சில நாட்களுக்குள் தொண்டையிலிருந்து பஞ்சில் எடுத்த மாதிரியில் கிருமியையே பி.சி.ஆர். முறையில் கண்டுபிடிக்கவும் முடியும். 1899-ல் தொடங்கப்பட்டு, அம்மைப்பால் தயாரித்துத் தந்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இன்று இத்தகைய சோதனைகளைச் செய்யும் நிலையங்களில் ஒன்று.

நம் குமரியில்

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி நம்முடையது. அங்கே 1813-லேயே ராணி கௌரி லக்ஷ்மி பாய் காலத்தில் அம்மை குத்துதல் தொடங்கிவிட்டது. 1879-ல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்கள் ஆகியோருக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 1975-ல் இந்தியாவில் வைசூரி ஒழிந்தது. 1980-ல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கடைசி ஆண்டுகளில் வைசூரி என்று வந்த தகவல்களில் எது உண்மை, எது சின்னம்மை என்று பிரித்தறிவதே பெரிய வேலையாக இருந்தது. ஒன்றை மாற்றிச் சொல்லியிருந்தால் நோய் ஓர் ஊரில் ஒளிந்துகொண்டிருக்கும்.

இன்றும் கோட்டாறிலோ தக்கலையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஒரு பிள்ளையின் உடம்பில் சிவப்பாகத் தடித்தால், அம்மை போட்டிருக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மணல்வாரியா, சின்னம்மையா, ரூபெல்லாவா, டெங்குவா என்று கேட்பதில்லை. வேப்பிலையைப் போட்டு, கதவைச் சாத்திப் படுக்க வைக்கிறோம். ஓதி ஊதுகிறோம். துஆ செய்வது நம் கடமை. அதோடு அடுத்த அறையில் கர்ப்பிணி மருமகள் இருக்கிறாள் என்பதையும் நினைக்க வேண்டாமா? டெங்குவை அம்மை என்று எண்ணி இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வதந்திகளைக் கேட்டுப் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. வதந்தியை விசாரிக்காமல் ஏற்பது நம் மார்க்கம் தடுத்த செயல்.

ஃபிக்ஹு நூல்களைப் பாருங்கள். நோயாளி தயம்மும் செய்யலாமா, நோன்பை விடலாமா என்பதற்கு நம்பகமான மருத்துவரின் சொல்லை ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டுமே கருத்தில் கொள்கின்றன. நோய் இன்னதென்று தெரியாத மருத்துவர் எப்படிச் சொல்வார்? ஆகவே தடிப்பும் காய்ச்சலும் கண்டால் உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்கோ காட்டுங்கள். இரத்தம் எடுக்கக் கேட்டால் தடுக்காதீர்கள். பிள்ளைக்கு 9 மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறையும் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்.

ஒன்றுபோல் தோன்றுவதை ஆராய்ந்து பிரித்தறியும் நிதானத்தை அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.