நாவரசரும் வன்செயலும்

ஒடுக்கப்பட்டவன் கை ஓங்கி எழுதல் உயிரின் இயல்போ என்னும் வினா இக்காலத்துப் பலராலும் எழுப்பப்படுகின்றது. நெருப்புக்குச் சூடு போல அஃது இயல்பே என்பார் ஒருசாரார். இதனை ஆராயப் புகுவார்க்கு, ஏழாம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகள் சரிதம் பெரிதும் பயன்படும். ஓர் அரசன் தன் ஆற்றலையெல்லாம் ஒரு தனியடியார்மேல் ஏவிய வரலாறு அது.

சுவாமிகள் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றினார்; பிள்ளைத்திருநாமம் மருணீக்கியார். பெற்றோர் இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். வாள் விளைக்குந் துயரைத் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தவர் இவர் என்பதை மறவற்க. நிலையாமை உணர்ந்து சமணம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் எனத் தலைமை எய்தினார். அவ்வூர் இன்றைய கடலூரைச் சார்ந்தது. 458-ஆம் ஆண்டில் உலோகவிபாகம் என்னும் சமணநூல் எழுந்த கல்விக்களம். பின்பு சூலைநோய் வருத்தத் தமக்கையாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் நோய் நீங்கிச் சைவரானார்.

சமணர் முறையிடப் பல்லவ மன்னன் வெகுண்டான். ஏறத்தாழ 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே இவன் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். குணபரன் என்னும் அரசன் புறவொழுக்கத்தினின்றும் இலிங்கத்தால் திரும்பினான் எனச் சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டுக் குறிப்பது அக்கொள்கைக்குத் துணையாம்.

அமைச்சர் படையொடு வந்து ஆணை கூறியபோது, சுவாமிகள் அருளிய விடை மறுமாற்றத் திருத்தாண்டகம் என வழங்கும். அரசனுக்குத் தாம் அடங்கியவரல்லர் என்பதே அதன் கருத்து. அமைச்சர் அடிபணிந்து வேண்டவே, அவரொடு செல்லவும் இசைந்தார். இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்ந்தமை நோக்கற்பாலது. அவர் பணிந்திலர்; ஓடி ஒளித்திலர்; தம்மைச் சூழ்ந்த அன்பரைத் திரட்டி எதிர்த்திலர். இதனை மெலிவு என்பார் அம்மறுமாற்றத்தை ஓதியறியாதவரே.

நீற்றறையில் ஏழுநாள் இருந்தார்; நஞ்சு கலந்த பாலடிசில் உண்டார்; இரண்டினும் ஊறின்றி இருந்தார். ஏவிய கொலையானை அவரை வலம்வந்து வணங்கிற்று. பாகர் மீண்டும் முடுக்க, அது திரும்பி அவரையே கொன்று, சமணர்மேலும் பாய்ந்தது எனச் சேக்கிழார் கூறுவர். அடக்கியாள்வான் மேல் எதிர்த்தெழுந்தது ஈண்டு விலங்கே; சுவாமிகளல்லர். இறுதியிற் கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்தனர். கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தே கரையேறினார்.

இனி, வெகுளி இயல்பே எனின், அவர்பால் அஃது எழாமை யாங்ஙனம்? சித்தாந்தம் இயல்பு என்னுஞ் சொல்லைப் பகுத்துணர்த்தும். செம்பிற் களிம்பு செம்பு தோன்றிய அன்றே உடன் தோன்றியது, ஆயினும் செம்பன்று. ஆணவமும் உயிர்க்குச் சகசமே. ஆயினும் உயிரின் தன்மையன்று. திருப்பி அடிக்கும் வேட்கை இக்களிம்பின் வழித்தாதலின் எங்கும் காணப்படும். எங்கும் காணப்படுதலால் நீங்காதது என்று முடித்தல் பொருந்தாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாதலின், சிவத்தைச் சார்ந்த நாவரசர்க்கு அவ்வேட்கை எழ இடமில்லையாயிற்று. அடிமைப்பட்டோர் வெகுளியைக் குற்றமென எளிதில் இகழ்ந்துவிடவும் இவ்விளக்கம் இடந்தாராது. களிம்பு அடித்தவனிடத்தும் உண்டன்றோ? கொல்லாமையைத் தலையாய நோன்பாகக் கொண்ட சமயத்தாரே நீற்றறைக்கு வழிசொன்னார் என்று புராணங் கூறுவதை இங்கு நினைக.

ஆனால் சரிதம் இவ்வளவில் முடியவில்லை. மனந்திரும்பிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளிகளை இடித்து, அப்பொருள்கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான். பழையாறை வடதளியிற் பெருமான் திருவுருவைச் சமணர் மறைத்திருந்தபோது, சுவாமிகள் உண்ணாது கிடந்தார். பெருமான் கனவில் உணர்த்த, அந்நாட்டு வேந்தன் வந்து வழிபாட்டுக்கு வழிசெய்தான்; ஆயிரம் சமணரை யானைக் காலில் இடச்செய்தான். அவ்வாணையைச் சேக்கிழார் நாவரசர் வாக்கில் வைத்திலர். ஆயினும், அவர் நோன்பின் பயனாய் வந்த வேந்தன் கையால் அக்கொலை நிகழ்ந்தது. நம் உரைகாரர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். ஒடுக்கப்பட்டார் கை ஓங்காதிருப்பினும், அவர்பொருட்டு வாளேந்த அரசர் காத்திருப்பர் என்பது இதனாற் புலனாம். அவ்வாள் அரசனது களிம்பையே காட்டும். அடியார் பெயர் அதற்கு உறையாகாது.

திருமறைக்காட்டில், ஞானசம்பந்தப் பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளத் துணிந்தபோது, சமணர் வஞ்சனையைச் சொல்லித் தடுக்க முயன்றவர் இவர். தாம் பட்டதற்கு ஈடு செய்யப் பிள்ளையாரை ஏவினாரில்லை. அவர்க்கு ஏதம் வருமோ என்றே அஞ்சினார்.

அவர் கையிற் கொண்ட கருவி உழவாரம் ஒன்றே. திருப்புகலூர் முற்றத்தில் அதனாற் புல் செதுக்குகையிற் பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். அத்தலத்திலேயே ஒரு சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடி எய்தினார்.