அமானிதமாக வந்த பதவி: காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் பொதுவாழ்வு



ஆண்டறிக்கை என்பது கணக்கு ஒப்புவிக்கும் ஏடு. வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று நிர்வாகிகள் ஜமாஅத்தார் முன்னிலையில் எழுத்தில் வைக்கின்றனர். பள்ளிவாசலின் பணத்திற்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் நாம், நம் வாக்கைப் பெற்றுச் சட்டமன்றம் செல்பவரிடம் அந்த வாக்கிற்குக் கணக்குக் கேட்கிறோமா? இந்தக் கேள்வி மனத்தை உறுத்தியதால், இவ்வாண்டு மலரில் ஒரு மனிதரின் வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் மன்றங்களில் அமர்ந்திருந்தும், ஒரு நாள்கூட அமைச்சர் நாற்காலியில் அமராமல் மறைந்தவர் அவர். மக்கள் அவருக்கு அளித்த பட்டப்பெயரே அவருடைய இயற்பெயரை மறைத்துவிட்டது. சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள்படும் காயிதே மில்லத் என்பதே அப்பெயர்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் முஹம்மது இஸ்மாயில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி பெற்றவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்குத் தாயாரே மார்க்கத்தைப் போதித்து வளர்த்தார். திருநெல்வேலியிலும், திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். நாட்டில் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் எழுந்த காலம் அது. இளைஞர் இஸ்மாயில் பட்டத் தேர்வைத் துறந்து இயக்கத்தில் இறங்கினார். கையில் வரவிருந்த ஒன்றைக் கொள்கைக்காக விட்டுவிடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, அத்துறையில் மதிப்பிற்குரியவராக விளங்கினார்.

எதிர்க்கட்சித் தலைவர்

1946இல் சென்னை மாகாணச் சட்டப் பேரவைக்குத் தேர்தல் நடைபெற்றது. 215 உறுப்பினர் கொண்ட அப்பேரவையில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. முஸ்லிம்களுக்கான தனித்தொகுதிகளில் முஸ்லிம் லீக் வென்றது. அதன் மாகாணத் தலைவராக இருந்த இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அத்தேர்தலில் லீக் முன்வைத்தது பாகிஸ்தான் கோரிக்கை என்பதையும், நாட்டுப் பிரிவினையின் சுமையைப் பின்னாளில் அவரும் சுமக்க நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மனிதரைப் போற்றுவதற்காக அவர் வரலாற்றில் பாதியை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்நாளில் நம் பாகூர்ப் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பெண்ணையாற்றுக்கு அக்கரையில் சென்னை மாகாணத்தின் தென்னாற்காடு மாவட்டம். அந்த மாகாணத்தில் 1946 முதல் 1952க்குள் மூவர் முதல்வர் பொறுப்பை வகித்தனர். மூவரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள். பிரகாசம் அவர்கள் ஓராண்டுக்குள் தம் கட்சியினராலேயே விலக்கப்பட்டார். அடுத்து வந்தவர் திண்டிவனம் அருகேயுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார். ஜமீன் ஒழிப்பு, தேவதாசி முறை ஒழிப்பு போன்ற சட்டங்கள் நிறைவேறிய ஆட்சி அவருடையது. நேர்மைக்குப் பெயர்பெற்ற அவரும் உட்கட்சிப் பூசலால் 1949இல் விலகிச் சென்று, பின்னர் வடலூரில் தொண்டுப் பணிகளில் ஈடுபட்டார். மூன்றாவதாகக் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஆளும் வரிசையில் நாற்காலிக்காக நடந்த இந்த இழுபறியின்போது, எதிர்வரிசையில் இஸ்மாயில் சாஹிப் தம் இடத்திலேயே இருந்தார்.

ஓடும் வெள்ளத்தில் ஊன்றிய கால்

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் வந்தது. லீக்கின் பெருந்தலைவர்களில் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். இங்கேயே தங்கியவர்களில் பலர் ஆளுங்கட்சியின் நிழலை நாடினர். பல மாகாணங்களில் லீக்கின் சட்டமன்றக் கட்சிகள் கலைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தனி அரசியல் கட்சிகளைக் கலைத்துவிட்டுப் பொதுவான அரசியலில் இணைய வேண்டுமென அறிவுறுத்தியது. அந்த அறிவுரையில் நல்லெண்ணமும் இருந்தது. அக்காலத்தின் அச்சமும் இருந்தது.

கட்சி மாறியிருந்தால் இஸ்மாயில் சாஹிபைக் குறை கூறுவோர் அன்று மிகச் சிலரே இருந்திருப்பர். லீக் என்ற பெயரைச் சுமப்பதே சந்தேகத்திற்கு இடமளித்த காலம் அது. ஆயினும், இந்நாட்டிலேயே வாழப்போகும் சமுதாயம் தன் குறைகளைச் சட்டத்தின் வழியில், தன் சொந்தக் குரலில் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என அழைக்கப்படும் சென்னை மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தோன்றியது, அவர் தலைவரானார். மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்தத் தலைமையால் அவருக்கு வந்தவை வசையும் வழக்கும் அலைச்சலுமே அன்றி வேறில்லை.

தோற்பது தெரிந்தும் பேசியவர்

1948இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். அவ்வாண்டு நவம்பரில் பொதுச் சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமுதாயமும் தன் தனிநபர் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது எனத் திருத்தம் கொண்டுவந்தார், அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் சிறுபான்மையினருக்கான தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமென மற்றொரு திருத்தத்தை முன்வைத்தார். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். சபையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்துப் பேசினர். அத்திருத்தமும் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடைபெற்றபோது, தொன்மையே அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என வாதிட்டார். தமிழறிந்த எவரும் மறக்கவியலாத வாதம் அது. அதுவும் அன்று எடுபடவில்லை.

இவற்றில் தனித்தொகுதி பற்றிய அவருடைய கருத்தை நாம் இன்று ஏற்க வேண்டும் என்பதில்லை. எல்லாச் சமுதாயத்தாரும் கலந்து வாக்களிக்கும் முறையே அண்டை வீட்டாரோடு நம்மை இணைத்து வைத்திருக்கிறது என்று கருதுவோர் நம்மில் பலர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மன்றத்தின் மனநிலையை அவர் நன்கு அறிந்தவர். பேசாமல் இருந்தால் பாராட்டும், மாற்றிப் பேசினால் பரிசும் கிடைத்திருக்கக்கூடிய இடம் அது. தம்மை அனுப்பியோரிடம் எதைச் சொன்னாரோ, அதையே அந்த மன்றத்திலும் சொன்னார். வாக்கெடுப்பில் தோற்றபின் அரசியல் சட்டத்தை மதித்து, அதன் வரம்புக்குள்ளேயே எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். சொல்ல வேண்டியதைச் சொல்வதும், முடிவான பின் அதற்குக் கட்டுப்படுவதும் சேர்ந்ததே பொதுவாழ்வின் நேர்மை.

ஆசை ஆட்சி செய்த காலம்

1952இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த முதல் பொதுத்தேர்தல் முடிந்தபோது, 375 இடங்கள் கொண்ட சென்னைப் பேரவையில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. ராஜாஜி முதல்வரானார்; பிற அணிகளிலிருந்து ஆதரவு திரட்டப்பட்டது. காங்கிரசை எதிர்த்து நின்று வென்ற காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயகர் அமைச்சரானார். ஒரு கட்சியை எதிர்ப்பதாகச் சொல்லி வாக்குப் பெற்று, அக்கட்சியின் அமைச்சரவையிலேயே இடம்பெறும் வழக்கத்தை மக்கள் அன்றே கண்டுவிட்டனர். அதே ஆண்டு இஸ்மாயில் சாஹிப் மாநிலங்களவைக்குச் சென்று, 1958 வரை எதிர்வரிசையிலேயே அமர்ந்தார்.

நாற்காலியா, மானமா?

பதவி பற்றிய பெரிய சோதனை கேரளத்தில் வந்தது. 1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிகளோடு லீக் உடன்பாடு கொண்டு வென்றது. வெற்றிக்குப்பின் லீகுக்கு அமைச்சரவையில் இடம் மறுக்கப்பட்டது. சபாநாயகர் பதவி மட்டும் கிடைத்தது. சீதி சாஹிப் அப்பொறுப்பை ஏற்றார். 1961இல் அவர் மறைந்தபின் சி.எச். முஹம்மது கோயா அந்த இடத்திற்கு முன்மொழியப்பட்டபோது, லீக் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினால்தான் ஆதரவு என்ற நிபந்தனை எழுந்தது. அவரும் விலகிச் சபாநாயகரானார். கட்சி அன்று அதற்கு இணங்கியது சறுக்கலே என்று நாம் கருதுகிறோம். ஆயினும் அச்சறுக்கல் நீடிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே கோயா பதவியைத் துறந்தார், உறவும் முறிந்தது.

தனித்து நின்றால் அழிந்துவிடும் எனக் கணிக்கப்பட்ட கட்சி, 1962 மக்களவைத் தேர்தலில் இரு இடங்களை வென்றது. கோழிக்கோட்டில் கோயாவும், மஞ்சேரியில் காயிதே மில்லத்தும் வெற்றி பெற்றனர். தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரை மலையாளம் பேசும் மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். இதைவிடப் பெரிய நம்பிக்கைச் சான்று ஒரு பொதுமனிதருக்கு எது?

1967இல் நிலைமை மாறியது. கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கூட்டணி ஆட்சியில் லீகைச் சேர்ந்த இருவர் அமைச்சராயினர். கட்சியின் அகில இந்தியத் தலைவரான அவர் எந்த அமைச்சுப் பொறுப்பிலும் அமரவில்லை. தமிழ்நாட்டில் தி.மு.க. தலைமையிலான அணியில் லீக் இடம்பெற்றது. அந்த அணி வென்று அண்ணா முதல்வரானார். அவ்வமைச்சரவை தி.மு.க.வினரை மட்டுமே கொண்டதாக அமைந்தது. அமைச்சுப் பொறுப்பு கிட்டாததால் காயிதே மில்லத் அந்த உறவை முறித்துக்கொள்ளவில்லை. கேரளத்தில் முறிவு வந்தது பதவி சிறியதாக இருந்ததால் அன்று, மானம் கேட்கப்பட்டதால். தமிழ்நாட்டில் பதவி கிடைக்கவில்லை, மதிப்பு கிடைத்தது. ஆகவே உறவு நிலைத்தது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் நமக்குக் காட்டுகின்றன.

மறைவு

வணிகத்தில் செல்வம் காணத்தக்க ஆற்றல் உடையவர், குரோம்பேட்டையில் எளிய இல்லமொன்றில் வாழ்ந்தார். 1972 ஏப்ரல் 5ஆம் நாள், தமது 75ஆம் வயதில், மக்களவை உறுப்பினராக இருந்தபோதே சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். 1974இல் சென்னை அண்ணா சாலையில் தொடங்கிய அரசு மகளிர் கலைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லாச் சமுதாயத்துப் பெண்களும் அங்கே பயில்கின்றனர்.

நமக்குரிய பாடம்

நம் புதுவைச் சட்டமன்றத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். இத்தனை சிறிய மன்றத்தில் இருவரோ மூவரோ இடம் மாறினாலே ஆட்சி ஆட்டம் காணும். கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் தாவுவோர் பதவி இழப்பர் என்றாயிற்று. ஆயினும் 2021 பிப்ரவரியில், உறுப்பினர்கள் அடுத்தடுத்து விலகியதால் பெரும்பான்மை இழந்து ஒரு முதல்வர் பதவி விலகியதைப் புதுவையில் நாமே கண்டோம். யார் பக்கம் நியாயம் என்பது நம் ஜமாஅத் மலரில் தீர்ப்புக் கூறும் பொருளன்று. ஆனால், வாக்களித்து வரிசையில் நின்ற மக்களிடம் ஒரு சொல் கேட்கப்படாமலே ஆட்சி மாறியது என்பதை மட்டும் சொல்லலாம். சட்டம் தாவலுக்கு விலை வைக்க முடியும். மனத்தில் உள்ள ஆசைக்கு வேலி கட்ட அதனால் இயலாது.

அந்த வேலியை இருவர் கட்ட வேண்டும். பதவி ஏற்பவர் அதை அமானிதமாகக் கருத வேண்டும். வாக்களிப்பவர் தம் வாக்கை விற்காமல் இருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின இரவு கைநீட்டி வாங்கியவர், மறுநாள் முதல் கணக்குக் கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார். வாங்கிய கைக்கு வாய் இல்லை. மஞ்சேரி மக்கள் மூன்று முறை ஒரு நேர்மையாளரைத் தேர்ந்தெடுத்தபோது, நேர்மையில் பாதி அவர்களுடையதாகவும் இருந்தது.

இது சட்டமன்றத்தோடு முடியும் செய்தியும் அன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் என நம் ஜமாஅத்திலும் பொறுப்புகள் உண்டு, தேர்தல் வருகிறது, வருத்தங்களும் வருகின்றன. பொறுப்புக் கிடைக்கவில்லை என்பதற்காகப் பள்ளியின் வரிசையிலிருந்து விலகி நிற்கும் சகோதரர்களும், கிடைத்த பொறுப்பை விட மனமில்லாத பெரியவர்களும் எந்த ஊரிலும் இருக்கின்றனர். நிர்வாகத்தில் உள்ள நாங்களும் இதிலிருந்து விலக்கானவர்கள் அல்லர். இவ்வறிக்கையின் கணக்குப் பக்கங்களை ஒவ்வொருவரும் வரிவரியாகப் படித்து, ஐயம் எழும் இடத்தில் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்குமாறு வேண்டுகிறோம். கேட்பவர் பகைவர் ஆகார். அமானிதத்தைக் காக்கத் துணைநிற்பவர் ஆவார்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் காயிதே மில்லத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மேலான சுவனத்தை அருள்வானாக! பொறுப்பில் உள்ளோருக்கு நேர்மையையும், பொறுப்பை அளிப்போருக்குத் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.