சூசன்னா அம்மாளும் வியாழக்கிழமையும்

எங்க வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சின்னவன் தூங்கி விழுவான். பெரியவள் எப்போ முடியும்னு கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்று வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே நீளமான ஜெபத்தை வைத்தது நான்தான். ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவின் சரித்திரத்தை வாசித்தபோது எனக்கு வெட்கமாய்ப் போச்சு.

1669-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் எப்வொர்த் ஊர்ப் போதகரின் மனைவி. பெற்றது 19 பிள்ளைகள், வளர்ந்தது பத்துப் பேர்தான். பேச்சு வராத பிள்ளைக்குக்கூட, ஜெபவேளையில் அமைதியாயிருக்கவும், முடிந்ததும் சைகையாலே ஆசீர்வாதம் கேட்கவும் பழக்கினார். பேச ஆரம்பித்ததும் பரமண்டல ஜெபம், எழும்பும்போதும் படுக்கும்போதும். இன்னும் வளர்ந்தால் பெற்றோருக்காக ஒரு சின்ன ஜெபம், மனப்பாட வசனங்கள். கண்டிப்புக்காரர், பிரம்பும் எடுத்தவர். அதில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

1709-ல் வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாய்த்தான் தூக்கினார்கள். பிள்ளைகள் பல வீடுகளில் தங்கி, பழகினதெல்லாம் மறந்து திரும்பினார்கள். அந்தத் தாய் சோர்ந்துபோகாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். சாயங்காலத்தில் பெரிய பிள்ளை சின்னதைக் கூட்டிக்கொண்டு போய் சங்கீதம் வாசிக்கணும். அதோடு, வாரத்தில் ஒரு ராத்திரி ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாய்ப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் அந்த நேரத்தைக் கேட்டு அவர் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

இப்போ சின்னவனுக்கு ஒரு வரி ஜெபம் போதும்னு விட்டுவிட்டேன். பெரியவளுக்குச் செவ்வாய் ராத்திரி. முதல் வாரம் அவள் ஒண்ணும் பேசல. நானும் பேசாம பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.