லால் பிகாரி தேயின் வாழ்வும் ‘கோவிந்த சாமந்தா’வில் உழைக்கும் ஏழைக் குடும்பமும்

விக்டோரியா காலப் புனைகதையில் உழைக்கும் ஏழைக் குடும்பம் இடம்பெற்ற வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இங்கிலாந்தோடு நின்றுவிடுகின்றனர். எலிசபெத் காஸ்கெலின் ‘மேரி பார்ட்டன்’ (1848) காட்டும் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர் வீடும், டிக்கென்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ (1850) காட்டும் யார்மவுத் மீனவரின் படகு வீடும் தவறாது எடுத்துக்காட்டப்படுவன. அதே காலத்தில், அதே மொழியில், இலண்டன் மாக்மில்லன் நிறுவனத்தின் வழியே 1874இல் இரு தொகுதிகளாக வெளிவந்த வங்க உழவர் குடும்பத்தின் கதையொன்று உண்டு. ‘கோவிந்த சாமந்தா’ என்னும் அந்நாவலில் ஏழைக் குடும்பம் எழுதப்பட்ட விதத்தை, அதன் ஆசிரியர் லால் பிகாரி தேயின் வாழ்வோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தே 1824 டிசம்பர் 18இல் பர்துவானை அடுத்த சிற்றூரில், சுவர்ணபணிக் என்னும் வணிகக் குடியில் பிறந்தார். தந்தை கல்கத்தாவில் சிறு தரகர், வருவாய் சொற்பம். ஆங்கிலம் கற்றாலன்றி மகனுக்குப் பிழைப்பில்லை என்று கருதிய அவர், 1834இல் அவனைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று, கட்டணமின்றிக் கற்பித்த அலெக்சாண்டர் டஃபின் பள்ளியில் சேர்த்தார். அங்குச் சேர்ந்தால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று வேண்டியவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. தந்தை இறந்தபின், டேவிட் ஹேரின் பள்ளிக்கு மாற முயன்ற தேக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. டஃபிடம் படித்தவன் பாதிக் கிறித்தவன் என்பதே மறுப்புக்குக் காரணம். வறுமையும் இம்மறுப்பும் அவரைப் பழைய பள்ளியிலேயே நிறுத்தின. எச்சரித்தவர்கள் அஞ்சியபடியே 1843இல் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

1855இல் குருப்பட்டம் பெற்றுக் கால்னாவிலும் கல்கத்தாவிலும் பணியாற்றிய காலத்தில், இந்திய ஊழியர்க்கு ஐரோப்பியரோடு சம இடம் வேண்டும் என்று வாதாடினார். 1867இல் அரசுக் கல்விப் பணிக்கு மாறி, 1872 முதல் 1889 வரை ஹூக்ளி கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ‘பெங்கால் மேகசின்’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தினார்.

1871இல் உத்தர்பாரா ஜமீன்தார் ஜெயகிருஷ்ண முகர்ஜி, வங்க நாட்டுப்புற மக்களும் உழைக்கும் வகுப்பினரும் வாழும் வாழ்வை விளக்கும் சிறந்த நாவலுக்கு ஐம்பது பவுன் பரிசு அறிவித்தார். பரிசைப் பெற்றது தேயின் நாவல். ஜமீன்தார் ஒருவர் பணம் கொடுத்து எழுதச் செய்த நூலில் கொடுமைக்கார ஜமீன்தார் ஒருவர் இடம்பெறுவது சிறு வியப்பன்று.

தொடக்கத்திலேயே ஆசிரியர் வாசகருக்கு அற்புதங்கள், வீரச் செயல்கள், காதற் சாகசங்கள் எவையும் இல்லை என்று சொல்லிவிடுகிறார். காஞ்சன்பூரில் சிறுநிலம் உழும் பதன், அவன் தம்பியர், முதிய தாய் அலங்கா ஆகியோர் வாழும் கூட்டுக் குடும்பமே கதைக்களம். பதன் எழுத்தறியாதவன். ஜமீன் கணக்கில் தான் ஏமாற்றப்படுவதை உணர்ந்து, மகன் கோவிந்தனைத் திண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிறான். கல்கத்தாத் தரகரின் ஆசையே இங்கு உழவனின் ஆசையாக மறுபடி வருகிறது எனக் கொள்ள இடமுண்டு. ஒரு மகன் ஆங்கிலம் கற்றுப் பேராசிரியரானார். மற்றவன் சிறிது எழுத்துக் கற்று ஏருக்கே திரும்பினான். தம் வாழ்வு செல்லாத வழியைத் தே கோவிந்தன் வழியாக எழுதிப் பார்த்தார் என்று சொல்வது மிகையாகாது.

அக்குடும்பத்தின் வீழ்ச்சிக்கு எவருடைய குடியோ சோம்பலோ காரணமாகக் காட்டப்படவில்லை. ஒரு சிற்றப்பனைப் பாம்பு கொல்கிறது. ஜமீன்தார் வீட்டுத் திருமணத்துக்கென விதித்த வரியைக் கோவிந்தன் மறுத்தபின் அவன் வீடு எரிகிறது. மீண்டும் கட்ட வட்டிக்கடைக்காரனிடம் கடன் வாங்க வேண்டியதாகிறது. உடன்பிறந்தாள் மாலதி வாழ்க்கைப்பட்ட வீட்டை நீலச்சாயத் தோட்டக்காரனின் முன்பணம் குலைக்கிறது. முன்பணம் பெற்றவன் அடுத்த விளைவையும் கொடுத்தவனுக்கே எழுதிக் கொடுத்தவனாகிறான். (படகுக்கும் வலைக்கும் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவரிடமே விற்கும் கட்டினை அறிந்த தங்கச்சிமடம் போன்ற கடற்கரையூர் வாசகர்க்கு இப்பகுதிக்கு உரை தேவைப்படாது.) காய்ச்சலும் பஞ்சமும் எஞ்சியதை முடிக்கின்றன. நிலமுடையோனாக வாழ்ந்த கோவிந்தன் பர்துவானில் நாட்கூலியாகி, அந்த மானக்கேட்டால் மனமுடைந்து இறக்கிறான். ஆங்கில நாவல்களின் ஏழைக்கு இறுதியில் வாய்க்கும் புரவலரோ கடல்கடந்த புதுவாழ்வோ அவனுக்கு வாய்க்கவில்லை.

மொழி குறித்துத் தே எடுத்த முடிவு தனியே ஆராயத்தக்கது. காஸ்கெல் தம் தொழிலாளரை லங்காஷயர் வழக்கில் பேசவைத்தார்; டிக்கென்ஸின் மீனவர் பேச்சும் வட்டார வழக்கே. தேயின் உழவர்களோ திருத்தமான ஆங்கிலம் பேசுகின்றனர். இது குறை என்பதை அவரே கதைக்கிடையில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் யார்க்‌ஷயர் வழக்கில் பேசவைத்தால் அவர்கள் வங்க உழவராக இராமல் ஆங்கில உழவராகிவிடுவர் என விளக்கம் தருகிறார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. வங்கப் பேச்சின் மணம் இழக்கப்பட்டது உண்மை. எனினும் பேச்சாலேயே ஏழையைத் தாழ்ந்தவனாக அடையாளப்படுத்தும் வழக்கத்திலிருந்து பதனும் அலங்காவும் தப்பினர்.

நாவலில் தளர்ச்சியும் உண்டு. திருமணம், திருவிழா, நோன்பு ஆகியவற்றை அயல்நாட்டு வாசகர்க்கு விளக்கக் கதை அடிக்கடி நிற்கிறது. சில இயல்கள் மாவட்டக் கையேட்டின் பக்கங்களைப் போலுள்ளன. 1878இல் ஒரே தொகுதியாக வந்தபோது நூலின் பெயரும் வங்க உழவர் வாழ்வு என்னும் பொருள்பட மாறியது. கோவிந்தன் என்னும் மனிதன் தலைப்பிலிருந்து மறைந்து, வகைமாதிரி முன்னே வந்துவிட்டது. 1881இல் சார்லஸ் டார்வின் இந்நூலால் தாம் பெற்ற இன்பத்தையும் அறிவையும் ஆசிரியர்க்குத் தெரிவிக்குமாறு மாக்மில்லனுக்கு எழுதினார். எழுத்தறியாத பதன்களிடம் இந்நூல் செல்ல வழியில்லை.

தமிழில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இலும் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இலும் நூலாயின. இரண்டிலும் கதையின் நடுவே இருப்பவை வசதியுள்ள குடும்பங்களே. கடற்கரை உழைப்பாளர் குடும்பம் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978) ஆகியவற்றில் மையமாவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. தேயின் நாவலைத் தமிழ் நாவல் வரலாற்றோடு ஒப்பிட்டு ஆராய்வதற்கு இக்கால இடைவெளியே போதிய காரணம்.

நாவலில் சம்புவின் தாய் என்னும் கிழவி சிறுவன் கோவிந்தனுக்குக் கதை சொல்வாள். அவ்விடத்தைப் படித்த ஆர். சி. டெம்பிள், அக்கதைகளைத் திரட்டித் தருமாறு கேட்டார். தேயின் இளமையிலும் அப்படியொரு கிழவி இருந்தாள். ஆனால் அவளிடம் கேட்டவற்றில் பெரும்பகுதி மறந்துபோயிருந்தது. எனவே ஒரு கிறித்தவப் பெண், முதிய அந்தணர், முதிய நாவிதர், முதிய வேலையாள் முதலியோரைத் தேடிக் கேட்டு, 1883இல் வங்க நாட்டுப்புறக் கதைத் தொகுப்பை வெளியிட்டார்.