தன்னையே விசாரித்த கலீஃபா

அன்றாடம் நாம் எத்தனையோ பேரிடம் கணக்குக் கேட்கிறோம். கடைக்காரரிடம் சில்லறைக் கணக்கு, பிள்ளைகளிடம் மதிப்பெண் கணக்கு, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வரவு செலவுக் கணக்கு. நம்மிடமே நாம் கணக்குக் கேட்பது மட்டும் விடுபட்டுப் போகிறது. முஹாஸபா எனப்படும் அந்தச் சுயவிசாரணையை வாழ்நாள் முழுவதும் செய்த ஒரு மனிதரை இன்று பார்ப்போம். அவர்தான் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்).

உமய்யா அரச குடும்பத்தில் பிறந்தவர். தந்தை எகிப்தின் ஆளுநர். தாய் உம்மு ஆஸிம், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பேத்தி. மதீனாவில் கல்வி கற்ற சிறுவயதில் ஒருநாள் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். தலைவாரிக் கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது என்றார். ஆசிரியர் ஸாலிஹ் பின் கைஸான் இதைத் தந்தைக்கு எழுத, தந்தை ஆளனுப்பி மகனின் தலைமுடியை மழித்துவிடச் செய்தார். கணக்குக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும் அவருக்குக் கிடைத்தார்கள்.

ஆனாலும் வாலிபத்தில் விலையுயர்ந்த ஆடை, நறுமணம், ஒய்யார நடை என்றுதான் வாழ்ந்தார். ஹிஜ்ரி 87இல் கலீஃபா வலீத் அவரை மதீனாவின் ஆளுநராக்கினார். பதவிக்கு வந்ததும் மதீனாவின் மார்க்க அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்து, அவர்களின் ஆலோசனையோடு ஆட்சி நடத்தினார்.

அங்கேதான் அந்தச் சோதனை வந்தது. அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபைக் கசையால் அடிக்குமாறு வலீதிடமிருந்து உத்தரவு வந்தது. உமர் அதை நிறைவேற்றினார். குளிர்நாளில் குபைபின் மீது தண்ணீரும் ஊற்றப்பட்டது. குபைப் இறந்துபோனார்.

உத்தரவு கலீஃபாவுடையது, நான் வெறும் ஆளுநர் என்று உமர் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மரணத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் யாராவது அவரது நற்செயல்களைச் சொல்லி நற்செய்தி கூறினால், குபைபின் விஷயம் இருக்க நான் எப்படித் தப்புவேன் என்ற கவலையே அவரிடம் மேலோங்கியது. அவரது வாழ்க்கை மாறியதற்கு இந்தக் கவலைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஹிஜ்ரி 99இல் கிலாஃபத் அவரைத் தேடி வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடமே பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். மக்கள் அவரையே விரும்பினார்கள். அரச வாகனங்களை விலக்கிவிட்டுத் தன் சொந்தக் கோவேறு கழுதையில் ஏறினார். பிறகு சீர்திருத்தத்தைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார். தன் கையிலிருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். மனைவி ஃபாத்திமா, ஒரு கலீஃபாவின் மகள். தந்தை கொடுத்த நகையை பைத்துல் மாலில் ஒப்படைக்க அவரும் சம்மதித்தார். அதன் பிறகே மற்ற உறவினர்களின் சொத்துகளை உமர் விசாரித்தார். அரசுப் பணிக்கு ஒரு விளக்கு, சொந்த வேலைக்கு வேறொரு விளக்கு என்று அவர் பிரித்து வைத்திருந்த செய்தி நாம் எல்லோரும் அறிந்ததே.

சகோதரர்களே! பட்டாடை உடுத்தியபோது இருந்ததை விட, ஒட்டுப்போட்ட சட்டை அணிந்தபோதுதான் அவரது கண்ணியம் உயர்ந்தது. தன்மானம் என்பது பிறர் நம்மைக் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்வதல்ல. நம் தவறை நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் துணிவுதான் தன்மானம். முதலாளி சொன்னார் என்று எடையைக் குறைக்கிறோம். எல்லோரும் செய்கிறார்கள் என்று பொய் ரசீது போடுகிறோம். குடும்பத்தார் முடிவு என்று சகோதரியின் வாரிசுப் பங்கை மறுக்கிறோம். கை நம்முடையது என்றால் கணக்கும் நம்முடையதே.

சுமார் 29 மாதங்களே ஆட்சி செய்து, ஹிஜ்ரி 101இல், ஏறத்தாழ நாற்பது வயதில் அவர் வஃபாத்தானார். நாற்பதைத் தாண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்றிரவு உறங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். யாருக்குத் தர வேண்டிய பாக்கி, யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு என்று நம்மை நாமே கேட்போம். விடிந்ததும் அதில் ஒன்றையாவது தீர்ப்போம்.

மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன், இங்கேயே நம்மை விசாரித்துத் திருத்திக்கொள்ளும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.