கார்ல் பாஷ்

உயிர்களைச் சூழ்ந்து நிற்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வளியேயாகும். பயிர் தழைத்தற்கு இன்றியமையாததும் அதுவே. எனினும், நெல்லும் கோதுமையும் அதனைக் காற்றிலிருந்து நேரே கொள்ளமாட்டா. கடல் நடுவே இருந்தும் நீர்வேட்கையால் வாடுவார் நிலையை ஒத்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய உழவர்கள் தென்னமெரிக்கச் சிலி நாட்டு வெடியுப்பையே உரமாகப் பெரிதும் நம்பியிருந்தனர். அது தீர்ந்துவிடின் கோதுமை உண்ணும் மக்கள் பசியால் வாடுவர் என்று 1898-இல் ஆங்கில அறிஞர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். அவ்விடரைத் தீர்த்தவருள் ஒருவர் கார்ல் பாஷ்.

இவர் ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். முதலில் உலோகவியலும் பொறியியலும் பயின்றார். பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்று 1898-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ரைன் ஆற்றங்கரையில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். என்னும் சாயத்தொழில் நிறுவனத்தில் பணியேற்றார்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டி அம்மோனியா ஆக்கலாம் என்பதைப் பிரிட்ஸ் ஹேபர் என்னும் அறிஞர் 1909-இல் மேசைமேல் வைத்த சிறு கருவியிற் செய்து காட்டினார். அதனைப் பேராலையில் நடத்தும் பொறுப்பு பாஷிடம் வந்தது. ஈண்டுச் சிக்கல் ஒன்று உண்டு. வெப்பம் குறைந்தால் அம்மோனியா மிகுதியாக விளையக்கூடும். ஆனால், வினை மிக மெல்ல நடக்கும். வெப்பம் மிகுந்தால் வினை விரையும், விளைவோ குறையும். அடுப்பின் தீயை அளவறிந்து வைக்கும் சமையற்காரரைப்போல, இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையை ஆராய்ந்து காணவேண்டியதாயிற்று. ஏறத்தாழ 500 பாகை வெப்பமும், காற்றின் இயல்பான அழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தமும் ஏற்றன எனக் கண்டனர். ஒருமுறை செலுத்திய வளியில் சிறு பகுதியே அம்மோனியா ஆகும். அதனைப் பிரித்தபின் எஞ்சியதை மீண்டும் மீண்டும் உள்ளே செலுத்தினர்.

வினையை விரைவுபடுத்த ஹேபர் கையாண்ட ஆஸ்மியம் கிடைத்தற்கரிய உலோகம். பாஷின் துணைவர் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தி, சிற்சில பொருள்கள் கலந்த மலிவான இரும்பே அதற்குப் போதும் எனக் கண்டார்.

ஆயினும் பெருந்தடை வேறோரிடத்தில் இருந்தது. 1911-இல் எஃகுக் குழாய்கள் 80 மணி நேரம் வேலை செய்தபின் வெடித்தன. பாஷ் உடைந்த துண்டுகளை அறுத்துத் தேய்த்து நுணுகி ஆராய்ந்தார். இரும்பின் இயல்பை இளமையிற் கற்றது இப்போது துணை செய்தது. ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, அதற்கு உறுதி தரும் கரியோடு கூடி, எஃகை நொறுங்கச் செய்கிறது என்று தெளிந்தார். ஹைட்ரஜனைத் தடுக்க இயலாதெனின் அதற்கு வழிவிடுவோம் என எண்ணினார் போலும்! உள்ளே கரியற்ற மென்மையான இரும்புக் குழாயும், புறத்தே வலிய எஃகு உறையும் அமைத்தார். உறையில் சிறு துளைகள் இட்டார். கசிந்த ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் அத்துளைகளின் வழியே வெளியேறிற்று. எளிய உபாயம், ஆனால், அதுவே தொழிலைக் காத்தது.

1913-இல் ஒப்பாவ் என்னுமிடத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. வயலுக்கென வகுத்த அம்மோனியா வெடிமருந்துக்கும் மூலப்பொருளாயிற்று. போர் ஓய்ந்தபின் 1921 செப்டம்பர் 21-ஆம் நாள் ஒப்பாவில் கட்டிபட்டுக் கிடந்த உரக்குவியலை வழக்கம்போல் வெடிவைத்துத் தளர்த்தியபோது, குவியலே வெடித்தது. ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பேரழுத்த முறையைக் கொண்டே நிலக்கரியிலிருந்து பெட்ரோல் ஆக்கும் தொழில் லாய்னா நகரில் 1927-இல் தொடங்கிற்று. 1931-இல் பாஷும் பெர்கியுஸ் என்பாரும் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூத அறிஞர்களை விலக்கியபோது, அதனால் அறிவியல் அழியும் என்று பாஷ் அவரிடமே எடுத்துரைத்ததாகக் கூறுவர். ஆனால், அவர் தலைமை தாங்கிய நிறுவனமே 1933-இல் அவ்வரசுடன் பெட்ரோல் ஒப்பந்தம் செய்துகொண்டது. உள்ளம் நொந்த நிலையில் வாழ்ந்த பாஷ், அடுத்த உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940 ஏப்ரல் 26-ஆம் நாள் ஹைடெல்பெர்க்கில் காலமானார்.