கொலும்பா அடிகள்

அயர்லாந்து தேசத்தின் வடமேற்கு மூலையிலே டொனெகால் என்னும் மலைநாடு உளது. ஆங்குள்ள கார்ட்டன் ஏரியின் அருகே, மலைச்சாரலில், கூரையிழந்து சுவர் மாத்திரம் எஞ்சிய சிற்றாலயம் ஒன்றையும் அதனைச் சூழ்ந்த பழைய இடுகாட்டையும் இன்றும் காணலாம். கேலிக் மக்கள் தம் குலவிளக்கெனப் போற்றும் கொலும்பா அடிகள் கி. பி. 521-ஆம் ஆண்டளவில் பிறந்தது அப்பகுதியிலேயே என்பர்.

இடுகாட்டினின்றும் சற்றுத் தொலைவில் பண்டை மக்கள் சிறு குழிகள் குடைந்த பெருங்கற்பலகை ஒன்று கிடக்கின்றது. அதன்மேற் படுத்துறங்கினார்க்கு ஊரை நினைந்து ஏங்கும் நோய் வாராதென்பது அவ்வூரார் நம்பிக்கை. வறுமையால் அமெரிக்காவிற்குக் கப்பலேறிய ஏழைகள் பலர், புறப்படுமுன் ஓரிரவை அக்கல்லின்மீது கழித்தனராம். பிறந்த நாட்டைத் துறந்த ஒருவர் பெயரோடு இந்நம்பிக்கை இணைந்தமை வியப்பன்று.

அடிகள் நியால் என்னும் பேரரசனது மரபினர். அரசியலில் தலையிடப் பிறந்த அவர் மறைநூல் கற்றுத் துறவு பூண்டார். கொலும் கில்லே என்று அவரை மக்கள் அழைத்தனர். திருச்சபையின் புறா என்பது அதன் பொருள். டெரி, டரோ முதலிய இடங்களில் மடங்களை நிறுவினார்.

பின்னர் அவர் நாடு துறந்ததற்கு ஒரு காரணம் கூறப்படுகின்றது. தம் ஆசிரியரது சங்கீதப் புத்தகத்தை அடிகள் மறைவாகப் படியெடுத்தார், ஆசிரியர் வழக்கிட்டார், பசுவினது கன்று பசுவின் உடையவனுக்கே உரியதாதல்போல் படியும் மூலநூலின் உடையவருக்கே உரியதென்று தியர்மித் அரசன் தீர்ப்பளித்தான், அதனால் 561-ஆம் ஆண்டளவில் போர் மூண்டு பலர் மடிந்தனர், அப்பழி தீர, மீண்டும் தாய்நாட்டில் அடிவைப்பதில்லை என அடிகள் சூளுற்று அகன்றார். கதை சுவையுடையது, ஆயினும் நெடுங்காலம் வளர்ந்த கதை. அடிகள் மறைந்து நூறாண்டளவில் அவர் சரித்திரத்தை எழுதிய அதோம்னான் என்னும் மடத்தலைவர், கிறிஸ்துவினிமித்தம் பரதேசியாயிருக்க விரும்பியே அவர் சென்றார் என்கின்றார். அன்றியும், அடிகள் பின்னர் அயர்லாந்திற்கு வந்துபோனமையும் அந்நூலாலேயே விளங்கும். துரத்தப்பட்டு ஓடினவர் என்பதினும், யாரும் துரத்தாமலே பிரிந்தவர் என்பதே எமக்கு அரிதாகத் தோன்றுகிறது.

563-ல் பன்னிரு தோழருடன் கடல் கடந்து, ஸ்காத்லாந்தின் மேல்கரையை அடுத்த அயோனா என்னும் சிறு தீவை அடைந்தார். அதன் நீளம் மூன்று மைல், அகலம் ஒரு மைல் அளவே. ஆங்கு மரத்தாலும் மண்ணாலும் மடம் எழுந்தது. அங்கிருந்து வடக்கே பிக்தியர் மன்னன் புருதேயிடமும் சென்று சுவிசேஷ ஊழியம் செய்தார்.

நாரையைத் தூது விடுத்த தமிழ்ப் புலவரை நாம் அறிவோம். அடிகளிடம் நாரையே வந்தது. ஒருநாள் அவர் ஒரு துறவியை அழைத்து, மூன்றாம்நாள் மேலைக்கடற்கரையில் காத்திருக்குமாறும், காற்றால் அலைப்புண்டு களைத்து வீழும் நாரையொன்றை எடுத்து மூன்று நாள் ஓம்புமாறும் கட்டளையிட்டார். அது தாம் பிறந்த நாட்டினின்றும் வரும் விருந்தென்பதே அவர் காட்டிய காரணம். அவ்வாறே அது வந்தது. தேறியபின் உயர எழுந்து, வானில் வழி தேர்ந்து, நேரே அயர்லாந்தை நோக்கிப் பறந்தது. அடிகள் தீவிலேயே இருந்தார்.

597-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. பாற்குடங்களைச் சுமக்கும் வெண்குதிரை வந்து அவர் மார்பில் தலைசாய்த்துக் கண்ணீர் விட்டது. வேலையாள் அதனை விலக்க முயன்றபோது அவர் தடுத்தார். அன்று சங்கீதப் புத்தகத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தவர், 34-ஆம் சங்கீதத்தில், கர்த்தரைத் தேடுவோர்க்கு நன்மை குறையாதென்னும் இடத்தில் எழுதுகோலை நிறுத்தி, எஞ்சியதைப் பைத்தின் எழுதட்டும் என்றார். பைத்தினே அவர்க்குப்பின் மடத்தலைவரானார். நள்ளிரவு மணி ஒலித்ததும் எல்லார்க்கும் முன்னே ஆலயத்துள் ஓடினார். விளக்கேந்தி வந்தோர் பீடத்தின்முன் கிடக்கக் கண்டனர். வலக்கையைச் சிறிது உயர்த்தி ஆசி கூறுவார்போல் அசைத்து உயிர் நீத்தார்.

அடக்கத்திற்குரிய மூன்று நாளும் பெரும்புயல் வீசியதால் எதிர்க்கரையினின்றும் ஒருவரும் படகேறி வர இயலவில்லை. மடத்தவர் மாத்திரமே அவரை அடக்கம் செய்தனர். நாள்தோறும் அவர் தலைவைத்துத் துயின்றது ஒரு கல். அதனைக் கல்லறையின் அருகே நாட்டினர். அதோம்னான் எழுதிய காலத்தும் அக்கல் அங்கே நின்றது.